சோலார் வரட்டும், பட்டா நம் பேரிலேயே இருக்கட்டும்!



நம் கண்மாய்க்குத் தெற்கே உள்ள கரிசல் காட்டில் சோலார் மின்நிலையம் வரப்போகிறது என்று மூன்று மாதமாக டீக்கடையில் பேச்சு. இப்போது வேலையே ஆரம்பித்துவிட்டது. கல் ஊன்றி அளந்து போகிறார்கள். புரோக்கர்கள் வீடு வீடாக வந்து மூலப்பத்திரம் இருக்கா, கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா என்று விசாரிக்கிறார்கள். சிலர் அட்வான்ஸும் வாங்கியாச்சு. அதில் நம் சங்க உறுப்பினர்களும் உண்டு. இதை மறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, நகைக்கடன் வட்டி என்று ஆளுக்கொரு நெருக்கடி. மானாவாரி வெள்ளாமையை நம்பி இருக்கிறவன் வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியாததா? வாங்கியவர்களை ஏச இந்தத் துண்டறிக்கையைப் போடவில்லை. மற்றவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்பதற்காகப் போடுகிறோம்.

நம் சங்கம் சோலாருக்கு விரோதி என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது பொய். மின்சாரத்தின் அருமை விவசாயிக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? 1970-இல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். அப்படிப் போராடித்தான் 1990-இல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் என்ற நிலை வந்தது. நம் வானத்து வெயிலில் மின்சாரம் எடுப்பதை நாம் ஏன் தடுக்கப் போகிறோம்? மழை ஏமாற்றும், விலை ஏமாற்றும். இந்த ஊரில் வெயில் மட்டும் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. அந்த வெயிலுக்கு ஒரு விலை வந்திருக்கிறது. அது யார் வீட்டுக்குப் போகிறது என்பதே இப்போதைய கேள்வி.

கணக்குப் பார்ப்போம். ஒரு மெகாவாட் சோலாருக்கு ஏறக்குறைய நாலு, ஐந்து ஏக்கர் வேண்டும். வருஷத்துக்கு அதிலிருந்து 15 லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கிடைக்கும். யூனிட் மூன்று ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு வருஷம் ஒன்பது லட்சத்துக்குக் குறையாமல் விற்பனை. பேனலுக்கும் கடனுக்கும் போட்ட முதலைக் கம்பெனி அதில்தான் எடுக்க வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனாலும் இப்படி 25 வருஷம் ஓடப்போகிற தொழிலுக்கு, நம் நிலத்துக்குப் புரோக்கர் பேசுவது ஏக்கருக்கு இரண்டரை லட்சம், ஒரே தடவை. அதிலும் அவர் கமிஷன் போக.

கர்நாடகத்தில் துமகூரு மாவட்டம் பாவகடாவில் என்ன செய்தார்கள்? அதுவும் நம் ஊரைப்போல வானம் பார்த்த பூமிதான். ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் நிலையம். நிலத்தைக் கிரயம் வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு, 28 வருஷ ஒப்பந்தம். கூட்டிப் பாருங்கள்: ஏக்கருக்கு எட்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. அதோடு முடிவில் நிலமும் விவசாயி பேரிலேயே இருக்கிறது. அது 2016-ஐ ஒட்டிப் பேசிய தொகை. இன்றைய விலைவாசிக்கு நாம் அதற்கும் மேலேதான் கேட்க வேண்டும்.

பாவகடாவில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். குத்தகைப் பணம் பட்டாதாருக்குப் போனது. நிறைய நிலம் உள்ளவருக்கு நிறையப் பணம். களை எடுத்து, கடலை பறித்துப் பிழைத்த நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு இருந்த வேலையும் போனது. கட்டுமானம் நடக்கிற வரைக்கும் கூட்டமாக ஆள் எடுப்பார்கள். பேனல் மாட்டி முடிந்ததும் வாட்ச்மேன், புல் வெட்ட, துடைக்க என்று கொஞ்சம் பேர் போதும். நம் ஊரில் பாதிக் குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது. அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் குத்தகை பேசினால் இது விவசாய சங்கமா, பட்டாதார் சங்கமா என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கொஞ்ச வேலையும் உள்ளூர் நிலமற்ற குடும்பங்களுக்கே, குறிப்பாகப் பெண்களுக்கே என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று ஊராட்சிக்கு ஒதுக்கி, அவர்களுக்குப் போய்ச் சேரும்படி கிராம சபையில் கணக்குக் காட்ட வேண்டும்.

"சி.எஸ்.ஆர். நிதியில் பள்ளிக்கூடம் கட்டித் தருவோம்" என்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி அந்த இரண்டு சதவீதம் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில்தான். இந்தத் திட்டத்துக்கென்றே புதுசாகப் பதிவு செய்கிற கம்பெனிக்கு முந்தைய லாபம் ஏது? வாயால் சொல்வது வேண்டாம், பத்திரத்தில் எழுதுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நாம் ஒருமுறை சூடு கண்டவர்கள். சில வருஷம் முன்பு பக்கத்து ஊராட்சியில் ஒரு நிலையம் வந்தது. அளக்க வந்தவர்கள் ஓடையைப் பார்த்தார்கள். வேலி போட்டவர்கள் பார்க்கவில்லை. மேட்டை வெட்டிச் சமன் செய்ததில் நம் கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் மண்மூடிப் போனது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் கண்மாயில் முழங்கால் தண்ணீர் நிற்கவில்லை. மனு கொடுத்து, நடையாய் நடந்து, கடைசியில் நாமே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்த் திறந்தோம். பழைய கிடைப் பாதையும் வேலிக்குள் போய்விட்டது. ஆட்டுக்காரர்கள் இன்றைக்கும் இரண்டு மைல் சுற்றித்தான் போகிறார்கள். ஓடையும் வண்டிப்பாதையும் மேய்ச்சல் புறம்போக்கும் ஊருடையவை. எந்தக் கிரயப் பத்திரத்திலும் அவை சேராது.

பேனல் துடைக்கப் போர் போட்டுத் தண்ணீர் உறிஞ்சவும் கூடாது. 2016-இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் வந்த 648 மெகாவாட் நிலையத்தில் ரோபோ வைத்துத் துடைக்க ஏற்பாடு செய்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கொச்சி விமான நிலையத்தில் சோலார் பேனல்களுக்கு நடுவே காய்கறி பயிரிடுகிறார்கள். இங்கே செம்மறியாவது மேய விடலாம். கம்பெனிக்கும் புல் வெட்டும் செலவு மிச்சம். (வெள்ளாட்டை விடச் சொல்லவில்லை. அது பேனல் மேல் ஏறி நின்றுகொள்ளும்!)

நாமே ஏன் நடத்தக் கூடாது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2019-இல் வந்த பிஎம்-குசும் திட்டம், விவசாயிகள் தனியாகவோ கூட்டாகவோ 2 மெகாவாட் வரை நிலையம் வைத்து மின்சாரம் விற்க வழி செய்தது. ஆனால் ஒரு மெகாவாட்டுக்கே கோடிக்கணக்கில் முதல் வேண்டும். கூட்டுறவு பயிர்க்கடனுக்கே நாலு தடவை நடக்கிற நமக்கு அது உடனே கைகூடாது. ஆகவே இப்போதைக்கு, வருகிற நிலையத்தில் ஒரு சிறு பங்காவது விவசாயிகள் கூட்டமைப்பின் பேரில் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

குத்தகைப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். நம் நிலத்தைக் கம்பெனி பேங்கில் அடகு வைக்கக் கூடாது. காலம் முடிந்ததும் பேனல், இரும்பு, கான்கிரீட் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நிலத்தை உழுகிற பக்குவத்தில் ஒப்படைக்க வேண்டும். 2022 மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்திருக்கிறது. குப்பையை நம் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது. அதற்கான டெபாசிட்டை இன்றைக்கே கட்டச் சொல்கிறோம்.

அக்டோபர் 2 கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறோம். கிராம சபைத் தீர்மானம் தனியார் கிரயத்தை நிறுத்திவிடாது என்பது நமக்கும் தெரியும். நிறுத்த வேண்டியது நம் கையெழுத்துதான். ஒருத்தர் இரண்டரை லட்சத்துக்குப் போட்டுவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரர் குத்தகை பேச முடியாது. நாலு பக்கமும் வேலி வந்த பிறகு நடுக் காட்டுக்குப் பாதையும் இருக்காது, விலையும் இருக்காது.

கிராம சபைக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மந்தையில் கூடுகிறோம். சிட்டா நகலோடு வாருங்கள். அட்வான்ஸ் வாங்கியவர்கள் வெட்கப்படாமல் அக்ரிமெண்ட் ஜெராக்ஸையும் எடுத்து வாருங்கள். சங்க வக்கீல் வரி வரியாகப் படித்துச் சொல்வார். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டாவில் அவர்கள் கையெழுத்தும் வேண்டும் என்பது புரோக்கருக்கு நன்றாகத் தெரியும்; நமக்கு முன்பே அவர் பேசியிருப்பார்.