கோல் வாசல்ல இடிக்கணுமா, நிக்கணுமா?

டொரன்டோவுல இருக்கிற சித்தப்பா பையன் ராத்திரி போன் பண்ணினா பாதி நேரம் ஐஸ் ஹாக்கிதான். "அண்ணே, கோல் வாசல்ல எதிராளியை இடிச்சுத் தள்ளாதவன் என்ன டிபெண்டர்? நம்ம இந்தியா பசங்க ரொம்ப சாது" என்பது அவன் கட்சி. நமக்கு ஊர் விருத்தாசலம். பீங்கான் ஊர்க்காரனுக்கு எதை இடிச்சாலும் உடையும்னுதான் முதல்ல தோணும் (ஹி ஹி). அதனால என் கட்சி வேற.

அவன் பக்கமும் நியாயம் இருக்கு. ஐஸ் ஹாக்கி கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம்தான். கவசம் மாட்டின கோல்கீப்பரே பெரும்பகுதியை அடைச்சுடுவார். அவரை ஏமாத்த சுலபமான வழி, கண்ணை மறைக்கிறது. எதிரணி ஆள் ஒருத்தர் முன்னாடி வந்து நின்னுட்டா பக் எங்கேருந்து வருதுன்னே தெரியாது. அந்த ஆளை நகர்த்த உடம்பு வேணும்தான். ஆனா அங்கேயும் மட்டையைக் குறுக்கே பிடிச்சு முதுகுல தள்ளினா 2 நிமிஷம் வெளியே உட்காரணும்.

நம்ம ஹாக்கியில கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். வட்டத்துக்குள்ள டிபெண்டர் இடிச்சா பெனால்டி கார்னர், கொஞ்சம் மோசமா போனா ஸ்ட்ரோக். எதிராளிக்கு நாமளே தட்டுல வெச்சு கொடுக்கிற மாதிரி.

அதுக்காக உடம்பே வேண்டாம்னு சொல்லலைங்க. அமித் ரோகிதாஸைப் பாருங்க. பெனால்டி கார்னர்ல மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல பறக்கக்கூடிய பந்தை நோக்கி, கோல் கோட்டுலேருந்து முகமூடியோட நேரா ஓடுவார். எனக்கு பார்த்தாலே வயிறு கலங்கும். யாரையும் தொடறதில்லை, தன் உடம்பைக் கொண்டுபோய் குறுக்கே வைக்கிறார், அவ்வளவுதான். என் கணக்குல முரட்டு ஆட்டம்னா இதுதான்.

இப்ப 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸுக்கு வருவோம். ஆகஸ்ட் 4, பிரிட்டனோட காலிறுதி. 17வது நிமிஷம், ரோகிதாஸோட மட்டை எதிராளி தலையில பட்டு சிவப்பு அட்டை. வேணும்னு பண்ணலைன்னுதான் நானும் நினைக்கிறேன், ஆனா அட்டை அட்டைதானே. 40 நிமிஷத்துக்கு மேல 10 பேரோட ஆடி 1-1 ஆக்கி, ஷூட்அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சோம். அந்த நேரம் முழுக்க நம்மாளுங்க யாரை இடிச்சாங்க? இடத்துல நின்னாங்க, பின்னாடி ஸ்ரீஜேஷ் நின்னார்.

விலை அப்புறம்தான் வந்தது. ரோகிதாஸுக்கு ஒரு ஆட்டம் தடை; ஹாக்கி இந்தியா பண்ணின அப்பீலும் எடுபடலை. அரையிறுதியில ஜெர்மனியோட முதல் கோல், பெனால்டி கார்னர்ல பீலாட் அடிச்சது. ஓடிப்போய் குறுக்கே விழற ஆள் வெளியே. 2-3ல தோத்தோம். அவர் இருந்திருந்தா தடுத்திருப்பாரான்னு யாரால சொல்ல முடியும், ஆனா எனக்கு இன்னும் ஆறலை. ஸ்பெயினை 2-1ல ஜெயிச்சு வெண்கலம் வாங்கினது கொஞ்சம் ஆறுதல்.

இதையெல்லாம் மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். பயபுள்ள, "அப்ப அண்ணே, பாரீஸ்ல ஐஸ் இருந்திருந்தா 2 நிமிஷத்துல திரும்ப உள்ளே வந்திருப்பார்ல?"ங்கறான்.

பி.கு.: இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா. அடுத்த வாரம் மறுபடி போன் வரும்.