கடைக்கு வழி தெரியுது... குடியை விடுற வாசல் தெரியலையே! பெரியாஸ்பத்திரி நிழலிலேயே அல்லாடும் குடும்பங்கள்

மதுரை: கோரிப்பாளையம் சிக்னலில் தேவர் சிலை பக்கம் நின்று, "டாஸ்மாக் எங்கேண்ணே?" என்று யாரைக் கேட்டாலும் உடனே கை காட்டுவார்கள். "குடியை நிறுத்த வைத்தியம் எங்கே பார்க்கிறாங்க?" என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள்.

இத்தனைக்கும் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் பனகல் சாலையில்தான் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அந்தக் காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. மதுரைக்காரர்களுக்கு எப்போதும் 'பெரியாஸ்பத்திரி'தான். கை, கால் முறிந்தாலும் பிரசவம் என்றாலும் தென் மாவட்ட ஜனம் மொத்தமும் அங்கேதான் ஓடுகிறது. ஆனால் அதே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் குடிநோய்க்கும் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பது மதிச்சியம், ஆழ்வார்புரம், செல்லூர் தெருக்களில் பலருக்கும் தெரிவதில்லை.

38 பேரில் ஒருவர்

இது மதுரைக்கு மட்டும் உள்ள குறை அல்ல. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 16 கோடி பேர் குடிப்பதாகச் சொன்னது. அதில் குடி இல்லாமல் இருக்கவே முடியாத நிலைக்குப் போனவர்கள் சுமார் 2.9 கோடி.

இவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேருக்கு ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்த்தவர்கள் 180 பேருக்கு ஒருவர்.

மறுபக்கம் பாருங்கள். மதுக்கடை நடத்தும் வேலையை 2003-ல் அரசே டாஸ்மாக் மூலம் கையில் எடுத்தது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் மிச்சம் இருந்தன. 2023-24-ல் மட்டும் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. பெரும்பாலும் காலை நேரம்தான். மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் தூக்குகிறார்கள், ராத்திரி 10 மணி வரை வியாபாரம். லோடு இறக்குகிறவர், பெயின்டர், ஆட்டோக்காரர் என்று அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர் வைத்தியத்துக்கு வரவேண்டும் என்றால் ஒருநாள் கூலி போச்சு. கூட வரும் மனைவிக்கும் வேலை போச்சு. குடிக்க மட்டும் லீவு போடவேண்டியதில்லை!

சட்டென்று நிறுத்தினால் ஆபத்து

"நாளைலேர்ந்து தொடமாட்டேன், இது சத்தியம்" என்று சாமி படத்தின் மேல் கை வைப்பவர்கள் ஏராளம். கோயிலில் கயிறு கட்டுகிறவர்களும் உண்டு. வைராக்கியம் நல்லதுதான். ஆனால் பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர், டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கலாம்.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் 2 நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2-வது நாளில் இருந்து 4-வது நாளுக்குள் சிலர் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார்கள், ஊர் பேர் தெரியாமல் உளறுவார்கள். "பேய் பிடிச்சிருச்சு" என்று பூசாரியைத் தேடிப் போனால் ஆளையே இழக்க நேரிடும். அது பேய் அல்ல. குடிக்குப் பழகிய மூளை, அது கிடைக்காமல் தத்தளிக்கிறது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு இதைக் கட்டுப்படுத்த முடியும்.

2020 ஊரடங்கில் கடைகள் ஒரேநாளில் மூடப்பட்டபோது இந்தத் தவிப்பை ஊரே பார்த்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷேவிங் லோஷனைக் குடித்து மீனவர்கள் 3 பேர் இறந்தார்கள்.

தெரியாமல் கொடுக்கும் மருந்து

'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்க, குடியை மறப்பார்' என்று சுவரிலும் மின்கம்பத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்த காசை இதில் விட்ட பெண்கள் பலர்.

டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. டாக்டர் சொல்லி, நோயாளியும் சம்மதித்துச் சாப்பிட வேண்டியது. அதை விழுங்கியவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். உயிரே போகலாம். கலந்து கொடுப்பது என்ன மருந்து என்று கொடுப்பவருக்கே தெரியாதபோது, விஷப்பரீட்சை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

பூட்டி வைத்தால் மறுவாழ்வா?

அடுத்த பொறி, போர்டு மட்டும் வைத்திருக்கும் 'மறுவாழ்வு மையங்கள்'. ராத்திரியில் ஆள் அனுப்பி, கையைக் கட்டி வேனில் தூக்கிப் போவார்கள். மாசக்கணக்கில் பார்க்க விடமாட்டார்கள்.

2001 ஆகஸ்டு 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் கருகி இறந்ததைத் தென் மாவட்டம் மறக்கவில்லை. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் போதை நோயாளிகளுக்கும் பொருந்தும். யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது. மையம் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும்.

எனவே சேர்ப்பதற்கு முன் 4 கேள்வி கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் எங்கே? மனநல டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார்? குடும்பத்தார் பார்க்கலாமா, போனில் பேசலாமா? மொத்தச் செலவு எவ்வளவு, ரசீது உண்டா? பதிலில் மழுப்பல் இருந்தால் படி இறங்கி வந்துவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் வேலையே

ஆஸ்பத்திரியில் சில நாளில் உடம்பில் இருக்கும் சரக்கு இறங்கிவிடும். மனசில் இருக்கும் ஏக்கம் இறங்க மாசங்கள் ஆகும். கூலி வாங்கும் சனிக்கிழமை, கல்யாண வீடு, துட்டி வீடு என்று கூப்பிடும் கைகள் நிறைய. ஒருமுறை சறுக்கினால் "அவ்வளவுதான், இவன் தேறமாட்டான்" என்று வீட்டார் கைகழுவுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் திரும்பவும் டாக்டரிடம்தானே போகிறோம்? இதுவும் அப்படித்தான்.

துணைக்கு ஏ.ஏ. கூட்டங்கள் இருக்கின்றன. 1935-ல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் 2 பேர் ஆரம்பித்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு இது. கட்டணம் கிடையாது, விலாசம் கேட்பது கிடையாது. குடியை விட்டவர்கள் உட்கார்ந்து தங்கள் கதையைப் பேசுவார்கள். குடும்பத்தாருக்கு என்று அல்-அனான் தனியாக உண்டு.

அரசும் சும்மா இல்லை. 2025-ல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. ஆனால் மையம் திறந்தால் போதாது, அது இருப்பது தெரியவேண்டுமே! ஒவ்வொரு டாஸ்மாக் கடை வாசலிலும் விலைப்பட்டியல் பக்கத்தில் சிகிச்சை எண்ணையும் எழுதிப் போட்டால் என்ன? வாரத்தில் ஒருநாள் சாயங்கால ஓ.பி. நடத்தினால் கூலிக்காரருக்குச் சம்பளம் மிஞ்சுமே? அரசு யோசிக்க வேண்டும்.

அதுவரை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும் 14416. தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. எல்லாமே இலவசம். குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ அம்மாவோ முதலில் பேசலாம்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனால் வெட்கப்பட்டு நிற்க வேண்டாம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு, குடிப்பழக்கத்துக்குப் பார்க்கணும்" என்று சொன்னால் போதும், வழி காட்டுவார்கள்.