கடிகாரம் தந்த துப்பாக்கி!

காட்சி ஒன்று: 2015 ஏப்ரல் 11. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலே ஒரு துப்பாக்கிக் கடை. 21 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் கைத்துப்பாக்கி கேட்கிறான். கடைக்காரர் விவரம் அனுப்புகிறார். "பொறு" என்று பதில் வருகிறது.

காட்சி இரண்டு: ஜூன் 17. சார்ல்ஸ்டன் நகரிலே இமானுவேல் தேவாலயம். அடிமைக் காலத்திலேயே கறுப்பர்கள் கண்ட சபை அது! வேதம் படிக்க அமர்ந்தவர்கள், வந்த வெள்ளையனுக்கு அருகிலே இடம் தருகிறார்கள். செபத்திற்காகக் கண் மூடுகிறார்கள். குண்டுகள் பாய்கின்றன. ஒன்பது பேர் மாண்டார்கள். போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளமென்டா பிங்க்னி அவர்களிலே ஒருவர்!

இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையே நடந்தது என்ன, தோழனே?

அந்நாட்டிலே சட்டம் இல்லையா? உண்டு! துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவன் யார்? ஒரு காலத்திலே தோலின் நிறமே அதற்குப் பதில். 1865இல், விடுதலை பெற்ற கறுப்பன் உரிமமின்றி ஆயுதம் ஏந்தலாகாது என்றது மிசிசிப்பி மாநிலம்! மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் குண்டுக்கு இரையான 1968இலே வேறொரு பட்டியல் பிறந்தது. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவன், நீதிக்கு அஞ்சி ஓடி ஒளிபவன், போதைப் பொருளில் புரள்பவன் ஆகியோருக்குத் துப்பாக்கி இல்லை என்றனர். மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவனை 1996இல் சேர்த்தனர். நிறம் பார்த்த சட்டம் நடத்தை பார்க்கத் தொடங்கியது. வளர்ச்சிதான், மறுப்பாரில்லை!

பட்டியல் இருந்தால் போதுமா? சரிபார்க்க வேண்டாமா? 1981இல் அதிபர் ரீகனைக் குறிவைத்தவனின் குண்டு, செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையைத் துளைத்தது. அவர் பெயரால் 1993இல் வந்தது பின்னணிச் சோதனைச் சட்டம். கடைக்காரர் கேட்க வேண்டும். அரசு ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

அந்த இளைஞனோ, சில வாரங்களுக்கு முன் கைதானபோது, போதைப் பொருள் வைத்திருந்ததை ஒப்புக்கொண்டவன். அந்த ஏடு கண்ணில் பட்டிருந்தால் கடைக்கதவு அடைபட்டிருக்கும். ஆனால் அவனைக் கைது செய்த காவல்துறை எது என்பதிலே பதிவுப் பிழை! தவறான அலுவலகத்தின் கதவைத் தட்டினர். மூன்று வேலை நாட்கள் ஓடின. மூன்று நாளில் முடிவு வராவிட்டால் விற்கலாம் என்பதும் அதே சட்டத்தின் வாசகம்தான்! ஏப்ரல் 16இல் துப்பாக்கி அவன் கையிலே. தந்தது நீதியா? இல்லை, கடிகாரம்! விற்கப்பட்டிருக்கவே கூடாது என்று, புலனாய்வுத் துறைத் தலைவர் ஜேம்ஸ் கோமி அந்த ஜூலையிலே ஒப்புக்கொண்டார். ஒன்பது கல்லறைகளுக்குப் பின் வந்த ஒப்புதல்!

"அரசின் சோம்பலுக்கு நல்ல குடிமகன் ஏன் காத்திருக்க வேண்டும்? ஆயுதம் ஏந்துவது 1791ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த உரிமையல்லவா?" என்பர் எதிர்ப்போர். நியாயமான கேள்விதான். ஆனால் அதே சோம்பலுக்கு ஒன்பது பேர் ஏன் உயிர் தர வேண்டும்? காத்திருப்பவனுக்குப் பத்தாம் நாள் துப்பாக்கி கிடைக்கும். புதைக்கப்பட்டவருக்குப் பதினோராம் நாள் பிறக்குமா?

கெடுவைப் பத்து வேலை நாளாக்க 2019இலும் 2021இலும் கீழவை வாக்களித்தது. மேலவையிலே மசோதா உறங்கிற்று! 2022இல் வந்த சட்டமோ, 21 வயது நிறையாதோருக்கு மட்டும், அதுவும் ஐயம் எழுந்தால் மட்டும், பத்து நாள் தந்தது. சார்ல்ஸ்டன் கொலைகாரனின் வயது என்ன? 21! எவன் செயலால் பாடம் கற்க வேண்டுமோ, அவனையே விட்டுவிட்டது சட்டம்!

தோழனே, பட்டியல் எழுதுவது எளிது. அதைக் காக்கும் எழுத்தரும், ஏடும், காலமும் தருவதுதான் ஆட்சி. அது இல்லாத சட்டம் பூட்டு இருந்தும் தாழ்ப்பாள் இல்லாத கதவு! பதில் வராதவரை "இல்லை" என்பதே பதிலாகட்டும். கடிகாரத்திற்கு நீதிபதி நாற்காலி வேண்டாம்!