சிற்றில் சிதையாமல்

ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிற்றில். தாங்கள் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வேண்டா எனச் சிறுமியர் பாட்டுடைத் தலைவனை வேண்டுவதாக அப்பருவம் அமையும். பிறர் கண்ணுக்கு அது மணற்குவியல். கட்டிய குழந்தைக்கோ அது வீடு. இவ்வேறுபாட்டை உணராத வகுப்பறையில் குழந்தையின் கற்பனை நாள்தோறும் சிதைகிறது.

முதல் வகுப்புக் குழந்தை மரத்துக்கு நீலம் தீட்டினால், “மரம் பச்சையாகத்தானே இருக்கும்?” என்று திருத்துகிறோம். நிலா தன்னோடு நடந்து வந்ததென்று அது சொன்னால், “பேச்சை விட்டு எழுத்தைப் பார்” என்கிறோம். கற்பனை வேறு, கல்வி வேறு என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் பிழையானது.

கோலைக் குதிரையாக்கி விளையாடும் குழந்தையைப் பற்றி உருசிய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி ஆழ்ந்து சிந்தித்தார். கையில் இருப்பது கோல். மனத்தில் ஓடுவது குதிரை. கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து அதன் பொருண்மையைப் பிரித்தறியும் ஆற்றல் அவ்விளையாட்டில் வளர்வதை அவர் எடுத்துக்காட்டினார். எழுத்தறிவுக்கும் அவ்வாற்றலே வேண்டும். ‘அ’ என்பது வெறுங்கோடு. அதில் ஒலியைக் காண்பவரே படிக்கிறார். ஐந்து புளியங்கொட்டைகளை ஐந்து ஆடுகளாகக் காணும் குழந்தை, கணக்கின் வாயிலில் நிற்கிறது.

குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா இதனை நன்கறிந்தவர். அவரது ‘பகற்கனவு’ நூலில் வரும் ஆசிரியர், அமைதி விளையாட்டுக்கு அடங்காத வகுப்பைக் கதையால் தம் வயப்படுத்துகிறார். கதையில் தொடங்கிய ஆர்வமே மாணவரைப் புத்தகங்களிடம் அழைத்துச் செல்கிறது.

கற்பனைக்கு இடந்தந்தால் பாடங்களை முடிக்க இயலுமா என்று கவலைப்படுவோர் உளர். அக்கவலை நியாயமானதே, எழுத்துப் பயிற்சியும் ஒழுங்கும் இன்றியமையாதவை. ஆனால், கற்பனையைக் காக்கத் தனிப் பாடவேளை தேவையில்லை. “தவறு” என்னும்முன் “ஏன் இப்படி வரைந்தாய்?” என்று கேட்க ஒரு நிமிடம் போதும். “இது இரவு நேரத்து மரம்” என்று குழந்தை விடை கூறலாம். அவ்வாறு காரணம் சொல்ல முனையும்போது மொழியும் சிந்தனையும் ஒருங்கே வளர்கின்றன.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் இருப்பார்கள். அவர்கள் வரைந்ததைக் காட்ட ஓடி வரும்போது, திருத்துவதற்கு முன் அதன் கதையைக் கேளுங்கள். மணல்வீட்டைச் சிதைக்காமல் அருகில் நின்று பார்ப்பதும் கற்பித்தலே.