அச்சத்தைக் காசாக்குவோர்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைச் சிதைத்த இரவுகளில் பகேரியாவிலும் பலெர்மோவிலும் வாழும் எம்மவரில் நித்திரை கொண்டவர் குறைவு. மலையகத்தில் மண்சரிவு, வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளம், ஊர்த் தொலைபேசிகளில் மறுமொழி இல்லை. பெற்றோர் இருக்கும் ஊரின் பெயரைக் கூகுளில் தட்டி, வந்து விழுகின்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே எஞ்சியிருந்த வழி. பகேரியாவில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பெண்மணி ஒருவர் அவ்வாறு திறந்த பக்கத்தில் ஊர்ச் செய்தி எதுவும் இருக்கவில்லை. கணனியில் வைரஸ்கள் புகுந்துவிட்டன, சில நிமிடங்களில் யாவும் அழிந்துவிடும் என்று இத்தாலிய மொழியில் ஒரு சிவப்புப் பெட்டி அலறியது. வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதற்குச் சேர்த்த பத்திரங்கள் அனைத்தும் அக்கணனியில் இருந்தன. அவர் பதறிப்போய், காப்பாற்றுவதாகச் சொன்ன மென்பொருளுக்கு 79 யூரோ செலுத்தினார். இதனை மூன்று வாரங்களாகக் கணவரிடமும் சொல்லவில்லை.

அவர் வாங்கியது வெறும் ஓட்டை. விற்றவர்களோ நீண்ட அனுபவமுள்ள ஒரு வணிகத்தின் வாரிசுகள்.

உலகம் எதனைத் தேடுகின்றதோ அந்தச் சொற்களையே இவர்கள் தூண்டிலாக்குகின்றனர். காவல் குறைந்த பிறரது இணையத்தளங்களுள் நுழைந்து, அன்றைய பரபரப்புச் செய்தியின் சொற்களால் பக்கங்களை நிரப்புவர். தேடுபொறி அவற்றை மேலே உயர்த்தும். தேடுபொறி வழியாக வருபவர் போலிப் பரிசோதனைப் பக்கத்துக்குத் திருப்பப்படுவார். தளத்தின் சொந்தக்காரர் நேரே சென்று பார்த்தாலோ எல்லாம் வழமைபோல இருக்கும். 2009 யூனில் மைக்கல் ஜக்சன் இறந்தபோதும், 2010 சனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் இதுவே நடந்தது. ஹெயிட்டிக்கு உதவி அனுப்ப வழி தேடியவர்களே இவ்வலையில் விழுந்தனர். இதற்கு முன்பே, 2004 மார்கழி ஆழிப்பேரலையில் எமது கரையோரங்கள் பிணக்காடாகக் கிடந்த நாட்களின் ஈரம் காயுமுன், சுனாமி நிதி கோருவதாக வேடமிட்ட மின்னஞ்சலில் ஒரு வைரஸ் உலகெங்கும் உலா வந்தது.

2010இல் கூகுள் ஆய்வாளர்கள் 13 மாதகாலத்தில் திரட்டிய 24 கோடி இணையப் பக்கங்களை ஆராய்ந்து, போலி வைரஸ் தடுப்பான்களைப் பரப்பும் 11,000க்கும் அதிகமான தள முகவரிகளை அடையாளம் கண்டனர். பரபரப்புச் சொற்களைத் தாங்கிய தளங்களில் அவர்கள் கண்ட தீய மென்பொருட்களில் 60 வீதமானவை இவ்வகையின.

இவ்வணிகத்தின் உள்வீட்டைக் காட்டியது 'இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங்' நிறுவனத்தின் கதை. பெலீசில் பதிவு, உக்ரேனின் கீவ் நகரில் அலுவலகம். 2008 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு இதற்கெதிராக நீதிமன்றத் தடை பெற்றபோது, ஏமாந்தவர் தொகை பத்து இலட்சத்துக்கு மேல் என்றது. 2010 மே மாதம் சிக்காகோவில் தாக்கலான குற்றப்பத்திரம், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 100 மில்லியன் டொலருக்கு மேல் சுருட்டப்பட்டதாகக் கூறியது. அதிலுள்ள ஒரு விபரத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஏமாந்தவர் முறையிட்டால் சமாதானம் கூறுவதற்கென்றே ஒரு தொலைபேசி நிலையம் நடத்தப்பட்டதாம். உரத்துக் கேட்டவருக்குப் பணம் திருப்பியும் கொடுக்கப்பட்டதாம். கடனட்டை நிறுவனத்துக்கோ பொலிசுக்கோ செய்தி போய்விடக்கூடாது என்பதே நோக்கம். வாய் திறந்தவருக்குக் காசு திரும்பியது. வெட்கத்தில் அடங்கியவருடைய காசில் வணிகம் செழித்தது.

இத்தாலியில் 2012இல் இக்கொள்ளை இன்னொரு சீருடை அணிந்தது. கணனித் திரை முழுவதும் பூட்டப்பட்டு, குவார்தியா தி பினான்சாவின் சின்னத்தோடு, சட்டவிரோதச் செயலுக்காக 100 யூரோ அபராதம் செலுத்துமாறு கட்டளை தோன்றியது. இந்நாட்டில் பிறந்தவருக்கே வயிறு கலங்கும். குவெஸ்தூராவின் வரிசையில் விடியற்காலையில் நின்று பழகிய எமக்கோ, அரச முத்திரையைக் கண்டதும் கேள்வி கேட்கத் தோன்றாது. 2013 பெப்ரவரியில் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பும் ஸ்பானியப் பொலிசும் இக்கும்பலில் 11 பேரைப் பிடித்ததாக அறிவித்தன.

கும்பல்கள் பிடிபடுகின்றன, தொழில் வேறு கடைக்கு மாறுகின்றது. 2023 ஒக்டோபரில் இந்திய மத்திய புலனாய்வுப் பணியகம் 76 இடங்களில் சோதனையிட்டபோது, மைக்ரோசொப்ட் உதவியாளர்போலப் பேசி வெளிநாட்டவரை ஏமாற்றிய தொலைபேசி நிலையங்களும் அகப்பட்டன. 2024 மார்ச்சில், கணனியில் கோளாறுண்டெனப் பொய்யாக அச்சுறுத்தினர் என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க சைப்பிரஸ் நிறுவனங்கள் இரண்டு 26 மில்லியன் டொலர் செலுத்த இணங்கின.

திரையில் ஓடுவது பரிசோதனை அன்று, படம். ஓர் இணையப் பக்கத்துக்கு உங்கள் கணனிக்குள் எட்டிப் பார்த்து வைரஸ் எண்ணும் கண் கிடையாது. பகேரியாவின் வில்லா பலகோனியா மதிலில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கும் அரக்கர்களைக் கண்டு எமது பிள்ளைகள் அஞ்சுவதில்லை. கல்லென்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்தை மூடிவிடுங்கள். மூட மறுத்தால் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணனியை நிறுத்திவிடுங்கள். அறிவித்தல்களை அனுப்ப அனுமதி கேட்கும் தெரியாத தளத்துக்கு இணங்காதீர்கள். இன்றைய போலி எச்சரிக்கைகளில் பல அவ்வாசலாலேயே வருகின்றன. எச்சரிக்கையில் உள்ள தொலைபேசி இலக்கத்தை அழைக்கவே வேண்டாம். விண்டோசில் வைரஸ் தடுப்பான் இலவசமாகவே உண்டு.

பணம் கொடுத்துவிட்டால், அன்றே வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துவிக்கவேண்டும். 79 யூரோவோடு அட்டையின் இலக்கமும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. நிறுவிய மென்பொருளை விடயம் அறிந்த ஒருவரைக் கொண்டு அகற்றும்வரை அக்கணனியில் வங்கிக் கணக்கைத் திறக்கக்கூடாது. பணத்தை மீளக் கோரும்போது வங்கிகள் பெரும்பாலும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கேட்கும். பெர்மெசோ கையில் இல்லாதவர் அந்தப் படியேறத் தயங்குவதை நாம் குறைகூறமாட்டோம். அத்தகையோர் வங்கியோடு நிற்கலாம், அல்லது ஒரு சட்டத்தரணியை முதலில் கேட்கலாம். மற்றவர்கள் போகத்தான் வேண்டும்.

எமது சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் வகுப்பு முடியும்வரை வாசலில் காத்து நிற்கின்றனர். அந்த நேரத்தில் ஒரு மாதமாவது, உயர்வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே இந்தப் போலித் திரைகளை அவர்களுக்குக் காட்டிவைக்கலாம். தாமும் ஏமாந்தோம் என்று எழுந்து சொல்லும் முதல் ஆளை எவரும் பரிகசிக்காமலிருந்தால், அடுத்த வாரம் இன்னும் நால்வர் சொல்வர். பகேரியாப் பெண்மணி தாம் வரச் சம்மதம் என்கிறார்.