ஓடிபி கேட்கும் தரகர்

"சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்." பணி ஓய்வில் வந்த பணத்தைப் பங்குகளில் போட்டிருப்பவருக்குத் தரகு நிறுவன ஊழியரிடமிருந்து இப்படி அழைப்பு வருகிறது. பழகிய குரல்தானே என்று அவரும் சொல்லிவிடுகிறார். இந்தப் பழக்கம் இரு பக்கமும் ஒழிய வேண்டும்.

அந்த ஓடிபி எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டோம். கணக்கு தொடங்கும் நாளில் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்திட்டதால் கார்வி ஸ்டாக் புரோக்கிங் என்ற தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பட்ட பாடு சிறியதல்ல. அவர்கள் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியைத் தவறாகப் பயன்படுத்தி, அவர்களுடைய பங்குகளை அந்நிறுவனம் தன் கணக்குக்கு மாற்றி, அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. 2019 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தலையிட்டபோது, சுமார் 95,000 பேரின் 2,300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பங்குகள் அதில் சிக்கியிருந்தன. அதற்குப் பிறகே விதி இறுகியது. 2020 முதல், மார்ஜினுக்காக (வணிகத்துக்கான பிணையாக) அடகு வைத்தாலும் பங்கு உரியவரின் டீமேட் கணக்கிலேயே இருக்கும். அடகுக்கு அவரே ஓடிபி மூலம் ஒப்புதல் தர வேண்டும். ஆயிரக்கணக்கானோர் தூக்கம் தொலைத்துக் கிடைத்த பூட்டு அது. அதன் சாவியைத்தான் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறோம்.

தரகர் நம் எதிரி அல்லர். ஆனால் அவர் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நாம் வாங்கினாலும் விற்றாலும் அவருக்குத் தரகு உண்டு, நாம் நட்டப்பட்டாலும் உண்டு. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் குறித்துச் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில், 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணம் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இதே காலத்தில் வணிகச் செலவாக மட்டும் அவர்கள் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் கட்டினர். அதில் சுமார் பாதி தரகுக் கட்டணம். ஓய்வூதியக்காரரை ஆப்ஷன் பக்கம் இழுக்கும் ஊழியரின் தலைக்கு மேல் மாத இலக்கு தொங்குகிறது. வாடிக்கையாளர் செய்யும் வணிகத்தின் அளவை வைத்து ஊழியருக்கு இலக்கும் ஊக்கத்தொகையும் நிர்ணயிப்பதைச் செபி தடை செய்ய வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

முதலீட்டாளரின் பொறுப்பையும் சொல்லாமல் விட முடியாது. தரகர் நம்மைக் கேட்காமலே போட்ட ஆர்டரில் லாபம் வந்தால் வாய்மூடி இருப்பதும், நட்டம் வந்த நாளில் "என்னைக் கேட்டா செய்தீர்கள்?" என்று கொதிப்பதும் நேர்மை அல்ல. ஆர்டர் போட்டது வாடிக்கையாளர்தான் என்பதற்கான சான்றைத் தரகர் வைத்திருக்க வேண்டும் என்று செபி 2017-இலேயே உத்தரவிட்டது. முதல் ஆர்டருக்கே அந்தச் சான்றைக் கேட்டிருக்க வேண்டும், அது லாபத்தில் முடிந்திருந்தாலும்.

வணிகம் நடந்த நாளில் பங்குச் சந்தையிலிருந்து உங்கள் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. இன்று மாலை அதைத் திறந்து படியுங்கள். நீங்கள் சொல்லாத ஒரு பங்கின் பெயர் அதில் இருந்தால், அன்றே தரகரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுங்கள்.