சூளைப் பிள்ளைகளின் வகுப்பை மூடியது தவறு

குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பயிற்சி மையங்களை மூடவைத்த முடிவை எந்த வகையிலும் ஏற்க முடியாது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தை 2021இல் ஒன்றிய ஆட்சியாளர்கள் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தோடு இணைத்தார்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் அந்தத் திட்டம் நடந்தது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைக்கு விட்டுப்போன பாடமும் மதிய உணவும் உதவித்தொகையும் அதன் மையங்களில் கிடைத்தன. இணைப்பு என்ற பெயரில் அவை போயின. பிறகு அந்த ஒருங்கிணைந்த திட்டத்துக்கே 2024-25இல் தமிழகத்துக்குத் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று நிறுத்திவைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது ஊரறிந்த சேதி.

இதில் அடிபட்டது யார் என்பதை நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் பக்கம் வந்து பார்க்க வேண்டும். முன்பணம் வாங்கிய குடும்பம் பொங்கல் கழிந்து செங்கல் சூளைக்கு வருகிறது. மழை இறங்கினால் கிளம்புகிறது. பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்குகிறது. ஆகவே பிள்ளைக்குச் சொந்த ஊரில் முழுப் பரீட்சை இல்லை, இங்கே முதல் பாடம் இல்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதால், அறுத்த கல்லை வெயிலில் புரட்டிப்போடப் பிள்ளையின் கையும் தேவைப்படுகிறது. சொந்த ஊர்ப் பள்ளி அவன் பெயரை எமிஸ் மாணவர் பதிவேட்டின் பொதுத் தொகுப்பில் தள்ளிவிட்டால், புதிய பள்ளி அதை எடுத்துச் சேர்க்கும்வரை அவன் எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லை. மிளகு, காபித் தோட்ட வேலைக்குக் கொல்லிமலையிலிருந்து கேரளம் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே கதிதான். இப்படிக் கூரை மாறிக்கொண்டே இருந்தும் அந்தப் பிள்ளைகள் படிக்க ஆசைப்படுகிறார்கள் என்பதே பெரிது. அந்த ஆசை தானாகத் தாக்குப்பிடிக்காது. கழித்தல் கணக்கில் எங்கே நின்றான் என்று தெரிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாளைக்கும் வா என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் நிற்கும். மையத்தில் இருந்த அந்த ஒருவரைத்தான் அகற்றினார்கள்.

தனி மையம் எதற்கு, எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியில்தானே படிக்க வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் அதே 4ஆம் பிரிவு சிறப்புப் பயிற்சியையும் உரிமையாக்குகிறது. பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் ஆசிரியர் அந்தப் பயிற்சியை எந்த நேரத்தில் தருவார்? பெற்றோர் பிள்ளையை ஊரில் விட்டு வரலாமே என்பது அடுத்த வாதம். விட்டு வர உண்டு உறைவிடப் பள்ளி வேண்டும்; அதற்கும் அந்த ஒருங்கிணைந்த திட்டத்தின் பணம் வர வேண்டும்.

ஒன்றிய ஆட்சியாளர்களுக்கு இது புதிதல்ல. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று வழிவிட்டவர்கள் இவர்கள். அபாயத் தொழில்களுக்கு விலக்கு இல்லை என்பார்கள். ஆனால் பெற்றோருக்கு உதவுகிறான் என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தது அந்தத் திருத்தம்தான். 2019இல் 5, 8ஆம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியவர்களும் இவர்களே. பாதி ஆண்டு படிக்கவே வழியில்லாத பிள்ளையைத் தேர்வில் தோற்கடிக்க என்ன அவசரம்? பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத் தகராறு அரசுகளுக்கு இடையிலானது. அதற்குச் சூளைப் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைத்தது மன்னிக்க முடியாத செயல். பிள்ளை எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்குப் படிப்பும் போய்ச் சேரும்படி, மறுக்க முடியாத நிதியோடு ஓர் ஏற்பாடு வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றி மேடையில் பேசும் தகுதியை இழந்துவிட்டார்கள்.